இணைய வணிக ஆய்வுகளை வரைபடமாக்கும்போது: முதலில் குறிச்சொற்களைச் சுத்தம் செய்யுங்கள்

இணைய வணிக ஆய்வு எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கப் பலரும் விஓஎஸ்வியூவரைத்தான் திறக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் குறிச்சொற்கள் (கீவேர்ட்ஸ்) ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று வரைபடமாக்கும் மென்பொருள் அது; நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். குறிச்சொல்லுக்கு ஒன்றாக வண்ண வட்டங்கள் சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் அவை நம்பத் தகுந்தவையா என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடும்போது 'ஈ-காமர்ஸ்' மட்டும் போதாது. 'ஆன்லைன் ஷாப்பிங்', 'ஆன்லைன் ரீடெயில்', 'சோஷியல் காமர்ஸ்' எல்லாவற்றையும் இடையில் 'ஆர்' (OR, 'அல்லது') போட்டுச் சேருங்கள். முடிவுகளை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கும்போது ஆசிரியர் குறிச்சொற்கள், மேற்கோள் பட்டியல் இரண்டையும் டிக் செய்ய மறந்தால் கோப்பில் தலைப்பும் ஆண்டும் இருக்கும், குறிச்சொல் இருக்காது. வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் மேற்கோள்களோடு இறக்கினால் ஒரு தடவைக்கு 500 பதிவுகள்தான்.

அடுத்தது சொல் சுத்தம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 'ஈ-காமர்ஸ்', 'ஈகாமர்ஸ்', 'எலக்ட்ரானிக் காமர்ஸ்' மூன்றும் மென்பொருளுக்கு மூன்று தனிச் சொற்கள். டேப் இட்ட உரைக் கோப்பில் 'லேபிள்', 'ரீப்ளேஸ் பை' என இரண்டு நிரல்கள் வைத்து ஒன்றாக்குங்கள். அதோடு நிற்காமல், தேடப் பயன்படுத்திய அந்தச் சொல்லையே நீக்கிவிடுங்கள். இரண்டாம் நிரலைக் காலியாக விட்டால் போதும். தேடிய சொல் ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் இருப்பதால், நடுவில் பெரிய வட்டமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கும். அதை எடுத்ததும் நம்பிக்கை, பரிந்துரை முறைகள், சரக்கு விநியோகம் என்று கொத்துகள் தெளிவாகப் பிரிவதைப் பார்க்கலாம்.

ஒரு குறிச்சொல் படத்தில் இடம்பெற எத்தனை கட்டுரைகளில் வந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை வழக்கமாக 5 என்று வரும். படம் அழகாக இருக்கட்டுமே என்று 20 ஆக்கினால், நேரலை விற்பனை போன்ற புதுத் தலைப்புகள்தான் முதலில் விழும். போக்கைத் தேடுகிறவருக்கு வேண்டியதே அவைதான்!

குறிச்சொற்களுக்கு ஆண்டைப் பொறுத்து நிறம் தரும் படத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது அந்தச் சொல் வந்த கட்டுரைகளின் சராசரி ஆண்டைத்தான் காட்டுகிறது. 'நம்பிக்கை' என்ற குறிச்சொல் 2003 கட்டுரைகளிலும் 2021 கட்டுரைகளிலும் சம அளவில் இருந்தால் 2012 என்று நிறம் விழும், அந்த ஆண்டில் ஒரு கட்டுரைகூட இல்லாவிட்டாலும். இப்படிப்பட்ட சொல்லுக்கு ஆண்டுவாரிக் கோட்டு வரைபடம் தனியாகப் போடுவதே சரி. அதிலும் வெறும் எண்ணிக்கை வேண்டாம். எல்லாத் துறையிலும் கட்டுரைகள் பெருகிவருவதால் எந்தக் கோடும் மேலேதான் போகும். அந்தந்த ஆண்டின் மொத்தத்தில் சதவீதமாகப் போடுங்கள். நடப்பு ஆண்டை விட்டுவிடுங்கள். அந்த ஆண்டின் கட்டுரைகள் இன்னும் முழுதாகப் பதிவேறியிருக்காது என்பதால் அங்கே இல்லாத சரிவு தெரியும்.