பாலாமையைக் கடலில் விடாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் சென்னையின் தெற்கே பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் தெருவில் ஆமை ஏறி வரும். 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்ற பயம் ஒருபுறம், பாவம் என்ற இரக்கம் ஒருபுறம். எப்படியோ அது கடைசியில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அது செத்துப்போகும். அது கடலாமை இல்லை. நம் ஏரிகளில் வாழும் பாலாமை. உப்புத் தண்ணீர் அதன் உடம்புக்கு ஆகாது.

அடையாளம் காண்பது சுலபம். கடலாமையின் முன்னங்கால் துடுப்பு மாதிரி இருக்கும். பாலாமைக்கு ஒவ்வொரு காலிலும் மூன்று நகம், விரல்களுக்கிடையே சவ்வு. முதுகில் கட்டம் கட்டமான ஓடு தெரியாது, வழவழப்பான தோல்தான். மூக்கு சின்னக் குழாய் போல நீண்டிருக்கும். வட இந்தியப் பாலாமையின் மஞ்சள் புள்ளிகளை இங்கே தேட வேண்டாம். அடிப்பக்கம் பின்னங்கால்களை மூட இரண்டு சதை மடல்கள் உண்டு. காலை உள்ளிழுத்ததும் மடல் கதவு மாதிரி சாத்திக்கொள்ளும்.

அந்தக் கதவுதான் கோடையில் உயிரைக் காக்கிறது. ஏரி வற்றும்போது பாலாமை கரைச் சேற்றுக்குள் புதைந்து, ஈரம் போகாமல் மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். சித்திரை, வைகாசியில் ஜேசிபி இறக்கித் தூர்வாரினால் சேற்றோடு சேர்ந்து அதுவும் நசுங்கும். கரை முழுக்கக் கல் பதித்துவிட்டால் புதையவும் முட்டையிடவும் மண் இருக்காது. கிணற்றைச் சுத்தமாக வைக்கும் என்று உறைக்கிணற்றில் விடுவதும் இதே கொடுமைதான்: கரையேற வழியே கிடையாது.

தூக்கும்போது ஓட்டின் பின்பாதியை, பின்னங்கால்களுக்கு முன்னால், இரு கையாலும் பிடியுங்கள். முன்பக்கம் கை வைத்தால் நீண்ட கழுத்தைத் திருப்பிக் கடிக்கும். கடி ஆழமாக இறங்கும். வாலைப் பிடித்துத் தொங்கவிடவே கூடாது, முதுகெலும்பு பாதிக்கும். வாளியில் ஈரச் சாக்கு போட்டு நிழலில் வையுங்கள். அடிபட்டிருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிவிடும். சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால், கிடைத்த இடத்துக்குப் பக்கத்து ஏரியிலேயே, ஆகாயத்தாமரை மூடாத மண்கரையில் விடுங்கள். வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றம். 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது.

உங்கள் பகுதி ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள் என்றால், ஒரு பக்கக் கரையையாவது தொடாமல் விடச் சொல்லி இப்போதே மனு கொடுங்கள். வண்டி இறங்கிய பிறகு சொன்னால் காலம் கடந்துவிடும்.