சிதறிய நிலமும் இயற்கை வேளாண்மையும்

சென்னையில் நஞ்சில்லா அரிசியைத் தேடி வாங்கும் நண்பர்கள் பலர், உழவர்கள் ஏன் இயற்கை வேளாண்மைக்கு மாறத் தயங்குகிறார்கள் என்று கேட்கிறார்கள். மனமில்லாமையைவிட, நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதே பெரிய தடை என்று நான் கருதுகிறேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சாகுபடி நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் பல குடும்பங்களுக்கு ஏரிப் பாசனத்தில் அரை ஏக்கர், மேட்டில் முப்பது சென்ட் என்று பிரிந்தே இருக்கிறது.

முப்பது சென்ட் வயலில் ஒருவர் பூச்சிமருந்தை நிறுத்தினாலும், வரப்புக்கு அப்பால் தெளிப்பது காற்றிலும் வாய்க்கால் நீரிலும் வந்து சேர்ந்துவிடும். இயற்கை முறையில் விளைந்தது என்பதற்கான அங்ககச் சான்று பெற ஓரத்தில் இடைவெளி விட வேண்டும் என்றால், அவ்வளவு குறுகிய வயலில் பயிருக்கு என்ன மிஞ்சும்? சிறு, குறு உழவர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. ஆனால் கிணறு ஒரு துண்டிலும் பயிர் வேறொரு துண்டிலும் இருந்தால் அதைப் பயன்படுத்துவது கடினம்.

இதில் நகரத்தில் வாழும் நமக்கும் பொறுப்பு இருக்கிறது. பாகப்பிரிவினையில் வந்த பங்கை ஆண்டுக்கு ஆண்டு வாய்மொழிக் குத்தகைக்கு விடுகிறோம். அடுத்த பட்டத்தில் நிலம் தன் கையில் இருக்குமா என்று அறியாதவர், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது நம் மண்ணை வளப்படுத்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஐந்தாண்டுக் குத்தகையை எழுத்தில் கொடுக்கலாம். உழவர்களே ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி செய்யும் பங்கேற்பு உத்தரவாத முறையில் ஐந்து உழவர்கள் சேர்ந்தாலே சான்றுக்கான குழு அமைக்க முடியும் என்பதால், அடுத்தடுத்த வயல்காரர்களாகப் பார்த்துச் சேர்ப்பதற்கு நாமே முன்நின்று பேசலாம்.