போசிடியம் மாதிரி: ஒருவழியாக மயிர் நட்டாயிற்று

போசிடியம் குளோபுலாரே என்ற பூச்சியின் பெரிதாக்கிய மாதிரி ஒன்றைச் செய்துவருகிறேன். அதன் நான்கு உருண்டைகளிலும் மயிர் நட்டு முடித்துவிட்டேன். இறக்கை இன்னும் ஏறவில்லை, கால்களுக்கு வண்ணம் பாக்கி. ஆனால் முழுசாக முடியும்வரை பொறுத்திருக்க மனசு வரவில்லை. பூச்சி மாதிரிகள் செய்பவர்கள் இதைத் தொடத் தயங்குவதே இந்த உருண்டைகளால்தான்.

தென் அமெரிக்காவின் மரத் தத்துப்பூச்சி இது. நிஜத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். முதுகின் முன்பகுதியிலிருந்து ஒரு தண்டு நிமிர்ந்து எழும், மேலே போய்க் கிளை பிரியும், கிளை நுனிகளில் மயிர் முளைத்த உருண்டைகள், பின்னால் உடம்பின் நீளத்துக்கு ஒரு முள். ஆண், பெண் இரண்டுக்கும் இதே அலங்காரம்தான். 2011-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை, தலைக்கவசம் எனப்படும் இந்த அலங்காரம் இறக்கையைப் போன்ற தனி உறுப்பு, மூட்டு போட்டு உடம்போடு சேர்ந்தது என்றது. அடுத்த ஆண்டே மறுப்புகள் வந்தன: மூட்டெல்லாம் இல்லை, தலைக்குப் பின்னால் முதுகை மூடும் முன்மார்புத் தகடேதான் இப்படி வளர்ந்து நிற்கிறது என்று. ஆனாலும் இறக்கையை உருவாக்கும் மரபணுக்கள் அதில் வேலை செய்கின்றன என்பது பிறகு வந்த ஆய்வுகளிலும் உறுதியானது. செய்கிறவனுக்கு இந்தச் சண்டை முக்கியம். தண்டின் அடியில் மடிப்புக்கோடு போடுவதா, வழவழவென்று தகட்டோடு இழைப்பதா என்பதே இதைப் பொறுத்துத்தான். நான் இழைத்துவிட்டேன். அந்த வளைவு அருமையாக அமைந்திருக்கிறது.

சரி, உருண்டைக்கு வருவோம். என் மாதிரி முப்பது மடங்கு. நிஜ உருண்டை உள்ளே வெற்றுக்கூடு, எடையே இல்லை. கெட்டியாகச் செய்தால் எவ்வளவு நல்ல பித்தளைக் கம்பியானாலும் தண்டு சாய்ந்துவிடும். அதனால் உள்ளே தெர்மாகோல் உருண்டை, மேலே மெல்லிய தோலாக எப்பாக்ஸி புட்டி, அதாவது கலந்து வைத்தால் இறுகிவிடும் களிமண் மாதிரியான பொருள். தெர்மாகோலோடு புழங்குபவர்களுக்குத் தெரியும், சூப்பர் குளூவும் ஸ்ப்ரே பிரைமரும் பட்டால் அது கரைந்து குழி விழுந்துவிடும். எப்பாக்ஸி ஒன்றும் செய்யாது. புட்டித் தோல் முழுசாக மூடிய பிறகு ஸ்ப்ரே அடித்தாலும் பயமில்லை.

மயிர்தான் படுத்தி எடுத்தது. ரயில் மாதிரிகள் செய்பவர்கள் புல் நடுவதற்கு வைத்திருக்கும், மின்னூட்டத்தால் இழைகளை நிமிர்த்தி நிறுத்தும் நிலைமின் கருவியைத்தான் பலரும் சொன்னார்கள். சமதளத்தில் அது அற்புதமான கருவி. உருண்டையில் அடித்தால் இழைகள் ஒரு பக்கம் குவிந்து வெல்வெட் மாதிரி ஆகிவிடுகின்றன. போசிடியத்தின் மயிர் அப்படி இல்லை. இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, மேற்பரப்புக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும்.

ஆகவே துளை போட்டு ஒவ்வொன்றாக நடுவதே வழி. காய்ந்த புட்டியில் மெல்லிய டிரில் பிட் ஓட்டினால் வழுக்குகிறது, கொஞ்சம் அழுத்தினால் பிட்டே முறிகிறது. ஈரப் புட்டியில் குத்தினால் துளையைச் சுற்றி மேடு கட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரல் நுனியால் அழுத்தினால் விழக்கூடாது. புட்டியும் அன்றைய வெப்பமும் மாறினால் நேரமும் மாறும், கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. கலக்கும்போதே ஒரு சின்னத் துண்டைத் தனியாக எடுத்து வைத்து, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பதத்தில் பூச்சிகளைக் குத்திவைக்கும் ஊசியால், 000 எண் ஊசி, தடிமன் கால் மில்லிமீட்டர், குத்திச் சுழற்றி எடுத்தால் துளை சுத்தமாக நிற்கிறது. ஊசியை உருண்டையின் மையத்தைக் குறிபார்த்து இறக்கினால் மயிர் தானாகச் செங்குத்தாக அமையும். மொத்த வேலையின் சூட்சுமம் இதுதான்.

மயிருக்கு, நுனி கூராகத் தேய்ந்திருக்கும் பல்துலக்கியின் இழைகள். ஒரே தடிமனான நைலான் நூல் வேண்டாம், வெட்டிய முனை மொட்டையாகத் தெரியும். நடுவதற்கு மெதுவாக இறுகும் எப்பாக்ஸிப் பசை. சூப்பர் குளூ வைத்தால் அதன் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளைப் புகை மூட்டம் கட்டும், கருப்பு உருண்டையில் பளிச்சென்று தெரியும்.

ஊசி வாங்குபவர்களுக்கு ஒன்று: ஒரு விற்பனையாளர் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லிக் கருப்பு எனாமல் பூசிய சாதா எஃகு ஊசிகளை அனுப்பிவிட்டார். பூச்சு உரிந்து புட்டியில் ஒட்டுகிறது. பணம் கொடுத்து வாங்கியதற்கு இது அநியாயம். உறையைப் பிரித்ததும் ஓர் ஊசியைச் சுரண்டிப் பாருங்கள்.

இந்த வேலையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஆல்ஃபிரட் கெல்லர்தான் நினைவுக்கு வருவார். பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1930 முதல் 1955-ல் இறக்கும்வரை பூச்சி மாதிரிகள் செய்தவர். ஒரு மாதிரிக்கு ஏறக்குறைய ஓராண்டு. முதலில் பிளாஸ்டிசின் என்ற காயாத களிமண்ணில் வடித்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, காகிதக்கூழில் வார்ப்பார். இதே போசிடியத்தை 1953-ல் செய்திருக்கிறார். எப்பாக்ஸி புட்டி, ஏர்பிரஷ் என்று இத்தனை வசதியோடு செய்கிற நமக்கே இந்தப் பாடு என்றால், அவர் கை எப்பேர்ப்பட்ட கை! அவருடைய மாதிரிகளின் படங்களை நிதானமாகப் பாருங்கள், மயிர் எந்தக் கோணத்தில் ஏறுகிறது என்பதை அவற்றிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இறக்கைக்கு அசிடேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக் தாள் வெட்டி வைத்தாயிற்று, நரம்புகளை மட்டும் வரைய வேண்டும். ஆனால் மனசு அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டது. டெய்னோபிஸ், வலைவீசிச் சிலந்தி. இரவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு முன்கால்களில் ஒரு சின்ன வலையை விரித்துப் பிடித்திருக்கும், இரை வந்ததும் அதன்மேல் வீசிப் பிடிக்கும். பெரிய கண்கள் இரண்டையும் தெளிந்த ரெசினில் வார்த்துவிடலாம். வலைதான் சவால். அந்த இழையில் பசை கிடையாது. மிக நுண்ணிய இழைகளைப் பின்கால் சீப்பால் வாரி வாரிப் பஞ்சுபோல ஆக்கிய வறண்ட பட்டு அது, இரை அதில் சிக்கி மாட்டிக்கொள்ளும். பளபளக்கும் நைலானில் செய்தால் பொய்யாகத் தெரியும். நீட்டினால் இழுபடும் தையல் நூலை ஊசி முனையால் பிரித்து, பஞ்சு கிளப்பிப் பார்க்கிறேன், நிறமும் மங்கலும் நன்றாகவே வருகின்றன. வலையைக் கால்கள் விரித்த நிலையில் காட்டுவதா, வீசும் நிலையிலா என்று முடிவு செய்துவிட்டால் கம்பி வளைக்க ஆரம்பித்துவிடுவேன். எனக்கு வீசும் நிலைதான் பிடித்திருக்கிறது.