எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு யாப்பு எழுதிய கதை

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பதிவு செய்ய ஏழு மாதம் ஆனது. அதில் கந்தோர் கந்தோராக (அரசாங்க அலுவலகங்களுக்கு) அலைந்தது மூன்று வாரம்கூட இருக்காது. மிச்ச நாளெல்லாம் யாப்பில், அதாவது கோயிலை நடத்தும் விதிகளில், ஒரே ஒரு பிரிவை எழுதுவதிலேயே போய்விட்டது. வேறு தோட்டங்களிலும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

மடப்பள்ளித் தகரத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போனதில்தான் எல்லாம் தொடங்கியது. பதிவு இல்லாத கோயிலுக்கு உதவிப் பணம் தர வழியில்லை என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். யாப்பு, பொதுக்கூட்ட அறிக்கை, நிர்வாகக் குழு பெயர்ப் பட்டியல், காணிக்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். "டீச்சர், பழைய கொப்பியைப் பார்த்து எழுதினாப் போதும்" என்றார் கோயில் தலைவர்.

அது கெட்டி அட்டை போட்ட நீளமான சீ.ஆர். கொப்பி (நோட்டுப் புத்தகம்). ஓரமெல்லாம் கறையான் அரித்து, அட்டையில் மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கிடந்தது. பெரிய கங்காணி (தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்கியவர்) காலத்து ஏட்டைப் பார்த்து யாரோ ஊதா மையில் எழுதி வைத்தது. முதல் நாள் பூசை, கரகம் தூக்குவது, தேர் வடத்தில் முதல் பிடி, முதல் திருநீறு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சாதிப் பெயர். வெள்ளாளர், கள்ளர், அகம்படியர், ரெட்டியார், முத்துராஜா என்று குடியானவர் (தோட்டத்தில் மேல்சாதி என்று சொல்லப்பட்டவர்கள்) வரிசை முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரே வரி: "மற்றவர்கள் – தப்பு, பந்தல்கால், கூட்டித் துப்பரவாக்குதல்." தப்பு என்பது பறை. எங்கள் தோட்டத்தில் 164 குடும்பங்கள். ஒரு இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 97 குடும்பம் அந்தக் கோட்டுக்குக் கீழே வருகிறது. என் அம்மா வீடும் அதில்தான்.

அந்தக் காலத்தில் கங்காணிமார் தன் ஊர், தன் உறவு, தன் சாதி என்று பார்த்து ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள், லயங்களையும் (வரிசை வீடுகளையும்) அந்தக் கணக்கிலேயே பிரித்துக் கொடுத்தார்கள். மலையில் எல்லோருக்கும் கொழுந்து எடுக்க ஒரே நிரைதான், காலையில் ஆள் கணக்கெடுக்க ஒரே பெரட்டுத்தான், ஆனால் கோயிலுக்குள் வந்தால் கொப்பி பேசும்.

முதல் கூட்டத்தில் நான் அதை உள்ளபடி வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் சத்தம். திருச்சிப் பக்கத்து வழி வந்த ஒரு மாமா, தங்களை ஐந்தாவதாகப் போட்டது பிழை, மேலே வரவேண்டும் என்றார். பின்னாலிருந்து ஒரு தம்பி, "மற்றவர்கள்னா யாரு? எங்களுக்குப் பேரு இல்லையா?" என்று கேட்டான். இன்னொருவர், இந்தியாவில் 2021இல் ஏழு சாதிப் பெயர்களைச் சேர்த்து தேவேந்திரகுல வேளாளர் என்று சட்டமே வந்துவிட்டது, எங்களுக்கு அதைத்தான் எழுதவேண்டும் என்றார். உடனே கோட்டுக்கு மேலே இருந்த ஒருவர், "வேளாளர்ங்கிற பேரை எப்படி எழுதலாம்?" என்று எழும்ப, கூட்டம் கலைந்தது.

இரண்டாம் கூட்டத்துக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அழைத்தேன். அவர் யாரையும் கண்டிக்கவில்லை. 1901இல் வெள்ளைக்காரன் இந்தியாவில் குடிக்கணக்கு எடுத்தபோது சாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தப் பார்த்தான், எங்களை ஏன் கீழே போட்டாய் என்று மனுக்கள் குவிந்தன, அடுத்த கணக்கிலேயே அந்த வரிசையைக் கைவிட்டான் என்றார். நாடார்கள் பழைய பெயரை நீக்கி நாடார் என்றே பதிய வைத்தது 1921இல், வன்னியகுல சத்திரியர் என்ற பெயர் கணக்கில் ஏறியது 1931இல். அவ்வளவு பெரிய அரசாங்கத்தாலேயே எல்லோருக்கும் சரிவரும் ஒரு வரிசையை எழுத முடியவில்லை, நாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதப் பார்க்கிறோம் என்றார். ரொம்ப நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் தலைவர், சாதிப் பெயர்களை எடுத்துவிட்டு "திருவிழாக் கடமைகள் வழமைப்படி நடைபெறும்" என்று போடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோ ஓட்டும் தம்பி, "அக்கா, வழமைன்னா அந்தக் கொப்பிதானே?" என்று கேட்டான். நெஞ்சில் இடித்தமாதிரி இருந்தது. யாராவது நாளைக்குச் சண்டை பிடித்தால் அந்தக் கொப்பியைத்தான் சாட்சிக்கு எடுப்பார்கள். முன்பு கோயிலுக்குள் மட்டும் இருந்த கோடு, என் கையெழுத்தோடு அரசாங்கப் பதிவுக்குள்ளும் போயிருக்கும்.

சரி, லயம் லயமாக முறை வைக்கலாம் என்று அடுத்த யோசனை. அதுவும் சரிவரவில்லை, ஏனென்றால் லயமே சாதி பார்த்துப் பிரித்ததுதானே. கடைசியில் குடும்பத் தலைவர் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவது என்று நான் சொன்னேன். குடும்பத்தலைவி பெயரும் சேரவேண்டும் என்று கொழுந்து எடுக்கும் அக்காமார் சொன்னது எனக்கே தோன்றாத விசயம்.

"கோயில் காரியத்துக்குள்ள சட்டம் வராது டீச்சர்" என்று ஒரு பெரியவர் தடுத்தார். நான் இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 12(3) உறுப்புரையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். சாதியின் பேரால் ஒருவருக்குத் தன் சொந்த மதத்தின் பொது வழிபாட்டிடத்தில் தடை இருக்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. சாதியைச் சொல்லி ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் சொல்கிறது. அவர் முன்னால் நின்று வாசித்தபோது என் குரல் நடுங்கியது, ஆனாலும் முழுவதும் வாசித்தேன்.

நான் எதிர்பார்க்காத மறுப்பு தப்படிக்கும் தாத்தாவிடமிருந்து வந்தது. தப்பை யாருடைய கடமையாகவும் எழுதாமல் விட்டிருந்தேன், அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் காய்ச்சிய தப்பை விரல் நுனியால் தட்டிக்கொண்டே, "பிள்ள, இது எங்கப்பன் சொல்லிக் குடுத்த வித்தை. கூலி அரிசியும் எச்சில் பேச்சும்தான் வேணாம், தப்பு வேணும்" என்றார். அந்த இடத்தில் என் பிரதியைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

வாக்கெடுப்பில் நிறைவேறியது. பதினொரு குடும்பம் எதிர்த்தது, அவர்கள் அந்த வருசம் திருவிழா வரி கட்டவில்லை. கொழுந்துக் கூடையில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். முதல் நாள் பூசை விழுந்தது தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு. கந்தோரில் யாப்பைப் பார்த்த உத்தியோகத்தர் முத்திரை இடத்தை மட்டும் திருத்தச் சொன்னார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. பதிவுக் கடிதம் அடுத்த மாதம் வந்தது.

பிரிவு 7ஐ அப்படியே தருகிறேன், தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

"திருவிழாக் கடமைகளும் முதல் மரியாதைகளும் தோட்டத்தில் வசிக்கும் எல்லாக் குடும்பங்களின் பெயரிலும் ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். குடும்பத் தலைவர், தலைவி இருவர் பெயரும் சீட்டில் இருக்கவேண்டும். தப்புக் கலைஞர்களுக்கு மேளக் கலைஞர்களுக்குச் சமமான சம்பளம் பணமாகக் கொடுக்கப்படும். அதைக் கற்க விரும்பும் எவருக்கும் கற்பிக்கலாம். இப்பிரிவுக்கு விளக்கம் சொல்ல முந்திய கொப்பிகளோ வழமைகளோ சான்றாக எடுக்கப்படமாட்டா."