வெயில் முதுகில் விழட்டும்

பாசிக்குடாவில் தங்கும் விருந்தினர் பறவை பார்க்கப் போவோம் என்று சொன்னால், கூடவே வருவது 'காலைச் சாப்பாடு முடிய' என்ற பேச்சு. அதற்கு வழிகாட்டி தலையாட்டினால் பாதி நாள் போய்விடும். மட்டக்களப்பில் ஆறு மணியை ஒட்டி விடிகிறது. வெயில் நாட்களில் ஒன்பதரைக்கெல்லாம் மட்டக்களப்பு வாவியின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். பிறகு ஸ்கோப்பை, அதாவது முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கியை, 60 மடங்கில் வைத்தாலும் உள்ளானும் சேற்றுக்கட்டியும் ஒன்றுபோலத்தான். 20, 25 மடங்குக்கு இறக்கி, கிட்ட நிற்பவற்றோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

எந்தக் கரையில் நிற்கிறோம் என்பது பறவைப் பெயர்கள் தெரிவதைவிட முக்கியம். காலையில் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். பின்னேரம் மேற்குக் கரையான படுவான்கரைக்கு மாறிக் கிழக்கே பார்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் எல்லாம் கறுப்பு உருவம்; அலகின் மஞ்சளோ காலின் சிவப்போ பிடிபடாது, விருந்தினர் நாம் சொல்வதை நம்பிக்கொண்டு வீடு போவார். கரை மாற மண்முனையிலும் பட்டிருப்பிலும் பாலம் உண்டு. அவசரமில்லையென்றால் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறுங்கள்: மெதுவாகப் போகும், உயரமும் போதும், தோணிகளுக்குப் பழகிய ஆலாக்கள் தலைக்கு மேலேயே சுற்றும்.

பைனாகுலர் வேலையை ஹோட்டல் முற்றத்திலேயே முடித்துவிட வேண்டும். இரவல் கொடுப்பதென்றால் 8×42 (8 மடங்கு, 42 மி.மீ. வில்லை) போதும். 10 மடங்கு தோணியில் ஆடும். ஏசி அறையில் கிடந்த பைனாகுலர் வெளியே வந்ததும் வில்லை முழுக்க ஆவி படியும், சட்டைத் துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கீறிவிடும். அரை மணித்தியாலம் முன்பே விறாந்தையில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவர் கண்கிண்ணத்தை உள்ளே இறக்க வேண்டும், போடாதவர் வெளியே திருக வேண்டும். 'நடுவில் கறுப்பாகத் தெரிகிறது' என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிறகு வலக்கண்ணை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் தெளிவாக்க வேண்டும். அடுத்து இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்க வேண்டும். அதற்கப்புறம் அந்த வளையத்தில் கை படக்கூடாது. படும். மத்தியானம் ஒருதரம் திரும்பப் பாருங்கள்.

வலசைப் பறவைகள் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை நிற்கும். ஆனால் மாரி மழையில் வாவி நிரம்பினால் சேற்றுத்திட்டெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும், உள்ளான்கள் கால் வைக்க இடமிருக்காது. பெப்ரவரியும் மார்ச்சும்தான் பொருத்தமான மாதங்கள். சிலர் வற்றுப்பெருக்கு அட்டவணையோடு வருகிறார்கள். இந்தக் கரையில் கடலே ஒரு மீட்டருக்குள்தான் ஏறி இறங்குகிறது. வாவி மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதும்தான். முந்தின நாள் மீன்பிடிகாரர் ஒருவரிடம் கேட்டால் அட்டவணையைவிடச் சரியான பதில் கிடைக்கும்.

தோணிக்கு நாலு பேர், அதற்கு மேல் வேண்டாம். பறவைக் கூட்டத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே எஞ்சினை நிறுத்திக் கம்பு ஊன்றிப் போக வேண்டும். நேரே முகத்துக்கு நேராகப் போனால் எழும்பிவிடும், சாய்வாகப் போனால் பொறுத்துக்கொள்ளும். விரல் நீட்டிக் காட்டக் கூடாது. தோணியின் முன்முனை பன்னிரண்டு மணி, 'இரண்டு மணிப் பக்கம், கண்ணா மரத்தின் கீழ்க்கொப்பு' என்று மெல்லச் சொன்னால் போதும். கூடு வைத்த மரங்களுக்குக் கிட்ட போகவே கூடாது, விருந்தினர் எவ்வளவு காசு நீட்டினாலும். தாய்ப்பறவை எழும்பினால் குஞ்சு உச்சி வெயிலில் வாடும், முட்டையைக் காகம் கொண்டுபோகும். அதற்குச் சில நிமிடம் போதும்.

இலங்கைக்கே உரிய பறவைகள் 30க்கு மேல் இருக்கின்றன என்று வாசித்துவிட்டு வருபவருக்கு, அவற்றில் பெரும்பகுதி தென்மேற்கு மழைக்காடுகளிலும் மலைநாட்டிலும்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாவியில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பவளக்கால் உள்ளான், செம்பருந்து என்று கண் நிறையக் காட்டலாம், நீலக் காட்டுக்காகத்தை காட்ட முடியாது. குமண தேசியப் பூங்கா கேட்பவரைப் பாசிக்குடாவிலிருந்து ஒரே நாளில் கூட்டிப்போவது வீண் அலைச்சல். முந்தின இரவு பொத்துவிலில் தங்கினால்தான் பூங்காவின் உகந்தை வாசலுக்கு விடியற்காலையில் போய்ச்சேரலாம். அங்கே 'வில்லு' என்ற சதுப்புக் குளத்தில் பறவைகள் கூடு வைக்கும் காலம் மே, ஜூன். வாவியின் நல்ல மாதங்களோடு அது பொருந்தாது.

பின்னேரம் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போனால் ஆறு மணிக்கு முன் விருந்தினரை வான் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். யானை இறங்கும் பாதை அது. 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று கெஞ்சுபவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். ஸ்கோப்பை முதலில் மடக்கிவிட்டால் அவரும் ஏறுவார்.