ஜிப்ஸிக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட்டா, 88ஆ? மூன்று ஞாயிறு போன கதை

நேற்று கோத்தகிரி ஏற்றத்தில் குஞ்சப்பனை தாண்டியும் ஹீட் முள் பாதியிலேயே நின்றது. அந்தக் குஷியில்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் உடைந்த போல்ட்டைப் பற்றி மட்டும் புலம்பியிருப்பேன்.

வண்டி 1998 ஜிப்ஸி கிங், 1.3 கார்புரேட்டர். வாங்கும்போதே தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு) கிடையாது, அது உட்காரும் ஹவுசிங்கைத் திறந்தால் வெறும் ஓட்டை. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குங்ண்ணா, கழட்டிட்டா ஹீட்டே ஆகாது" என்பது கோவையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்ட வசனம்தான். ஆமாம், ஹீட் ஆகவில்லை. காலையில் பத்து கிலோமீட்டர் ஓடியும் முள் அடியை விட்டு எழாது, மிதித்தால் இடறும், ப்ளக்கைக் கழற்றினால் கரி, மைலேஜ் லிட்டருக்கு எட்டைத் தாண்டாது.

இந்த எஞ்சினுக்கு இரண்டு வகை வரும். 82 டிகிரியில் திறக்க ஆரம்பித்து 95இல் முழுதாகத் திறப்பது ஒன்று, 88இல் ஆரம்பித்து 100இல் முடிப்பது இன்னொன்று. முதலில் 88 போட்டேன். ஊருக்குள் அருமையாக ஓடியது. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போகும்போது முள் முக்கால் தாண்டிவிட்டது, ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன். சரி, 88 நமக்கு ஆகாது, 82 போடுவோம் என்று முடிவு கட்டினேன். அங்கேதான் தப்பு.

பக்கத்துக் கடையில் வாங்கிய 82இல் எண்ணே அடித்திருக்கவில்லை, அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தது. சந்தேகத்தில் சட்டிச் சோதனை செய்தேன், அதாவது சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடேற்றி எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று பார்ப்பது. இதை எல்லோரும் செய்வார்கள், ஆனால் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். தெர்மோஸ்டாட்டைச் சட்டியின் அடியில் வைத்தால் அடிச்சூடு நேராக, உள்ளே விரிந்து வால்வைத் திறக்கும் மெழுகுக்கு ஏறிவிடும், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தெர்மாமீட்டரும் அடியைத் தொடக்கூடாது. என் வழக்கம், அந்த நூலையே வால்வின் வாயில் கவ்வ வைத்துத் தொங்கவிடுவது. திறந்த நொடியில் நூல் நழுவி 'டொக்' என்று விழும், கண்ணை நம்பத் தேவையில்லை. 70 தாண்டியதும் அடுப்பைச் சிம்மில் வைத்துக் குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், வேகமாகச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் மெழுகு தண்ணீரை விடப் பின்தங்கும், எண் தப்பாக வரும். அந்த முத்திரையில்லாத உருப்படி 74இல் விழுந்தது. மூன்று தடவையும் 74தான்.

வேறு இடத்தில் முத்திரையோடு வாங்கியது 82இலேயே திறந்தது. கழற்றி வைத்த 88ஐயும் சும்மா போட்டுப் பார்த்தேன், முழுதாகத் திறக்கவே இல்லை. பத்து நிமிடம் அதைத் திட்டிவிட்டுத்தான் உறைத்தது, அது முழுதாகத் திறக்க 100 டிகிரி வேண்டும், கோவை 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சட்டித் தண்ணீர் 98 சொச்சத்திலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எங்கே போகும்!

82ஐப் போட்டு அதே ஏற்றம், அதே கியர், அதே முக்கால் முள். தெர்மோஸ்டாட்டில் இருக்கும் எண் எஞ்சின் எவ்வளவுக்குக் கீழே குளிரக்கூடாது என்பதை மட்டும்தான் பார்த்துக்கொள்கிறது. இரண்டுமே முழுதாகத் திறந்த பிறகு சூட்டை இறக்குவது ரேடியேட்டர், காற்றாடி, பம்ப் வேலை. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் கீழ்ப்பாதிக் குழாய்களில் வெள்ளை உப்பு. முந்தைய ஓனர் கூலன்ட்டே ஊற்றாமல் போர் தண்ணியிலேயே ஓட்டியிருக்கிறார். மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டு எடுத்தார்கள். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது, புதிதாக 0.9 அழுத்தம் தாங்கும் மூடி. கோத்தகிரி உயரத்தில் திறந்த தண்ணீர் 94இலேயே கொதித்துவிடும், அங்கே அழுத்தம் பிடித்துக் கொதிநிலையை ஏற்றாத மூடியை வைத்துக்கொண்டு தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தக் களேபரத்தில் ஹவுசிங் போல்ட் ஒன்று முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அலுமினியத்தில் இரும்பு போல்ட், உப்புத் தண்ணீர், கேட்கவா வேண்டும். கணபதியில் ஒரு லேத்காரர் வீட்டுக்கே வந்து ட்ரில் போட்டு எடுத்து, புது மரை வெட்டிக் கொடுத்தார். மாட்டும்போது தெர்மோஸ்டாட் விளிம்பில் இருக்கும் குட்டி ஆடும் பின் மேலே பார்த்து இருக்க வேண்டும், காற்று அது வழியாகத்தான் வெளியேறும். முதல் தடவை நான் பக்கவாட்டில் வைத்துவிட்டேன்.

ஐஆர் கன்னால் (தொடாமலே சூட்டைக் காட்டும் கருவி) ஹவுசிங்கை அளப்பவர்களுக்கு ஒன்று, பளபள அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளங்கள். எனக்கு டேப் இல்லாமல் 61, டேப்போடு 84.

இப்போது உள்ளே 82. மைலேஜ் பதினொன்றைத் தொட்டிருக்கிறது. ரேடியேட்டர் சுத்தமான பிறகு 88ம் தாங்கும் என்றுதான் தோன்றுகிறது, டிசம்பரில் ஊட்டி போகும் முன் மாற்றிப் பார்க்க எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் சென்னை போகும்போது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேஸ்கெட் நான்கு வாங்க வேண்டும், இங்கே ஒன்றுக்குச் சொல்லும் விலை அநியாயம். அதற்கு முன் ஃபேன் கிளட்ச், சூடானதும் காற்றாடியை எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கும் பாகம், அதைப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினை நிறுத்தியதும் காற்றாடியைக் கையால் சுண்டினால் நான்கு சுற்று சுற்றுகிறது, அவ்வளவு சுற்றக்கூடாது.