நிஷிகசாயிலிருந்து: பாப்பாவுக்கு ஒரு பள்ளி

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று ஜப்பானில் பேரிடர் தடுப்பு நாள். 1923-இல் இதே தேதியில்தான் டோக்கியோவைச் சிதைத்த பெரிய நிலநடுக்கம் வந்தது. பாப்பாவுக்குப் போன மாதம் மூன்று வயது முடிந்தது. எனக்கு வரும் ஏப்ரலில் வேலை தொடங்குகிறது. இங்கே கல்வியாண்டும் ஏப்ரலில்தான். ஆக, கையில் இருப்பது ஏழு மாதம்.

மாடி வீட்டுக் கோயம்புத்தூர் அக்காவிடம் பேசப் போனேன். எந்தப் பள்ளி நல்லது என்று கேட்டதற்கு, அவர் 2011 மார்ச் 11-ஐப் பற்றிச் சொன்னார். அன்று பெரிய நிலநடுக்கம் வந்ததும் ரயில்கள் எல்லாம் நின்றுவிட்டன. மகன் ரொப்பொங்கியில் பெரிய பெயர் வாங்கிய ஓர் இன்டர்நேஷனல் ப்ரீஸ்கூலில் இருந்தான். போன் போகவில்லை. டோக்கியோவில் நாங்கள் இருக்கும் இந்த நிஷிகசாயிலிருந்து நடந்தே போயிருக்கிறார், நாலு மணி நேரத்துக்கு மேல். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டதாம். தலைக்குப் பஞ்சுத் தொப்பி மாட்டிக்கொண்டு டீச்சர் மடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"டீச்சருங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா அந்த நாலு மணி நேரம் எனக்குத்தான் தெரியும். கண்ணு, பள்ளிக்கூடம் எவ்வளவு பெருசுன்னு பாக்காத. நடந்து போயித் தூக்கிட்டு வர முடியுமான்னு பாரு."

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தைத் திறந்தேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் நடக்க முடியாத இடங்களை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பதினொன்றில் நாலு மிஞ்சியது.

செப்டம்பர் 14, சனி

முதலில் பெயர்களைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆனது. இங்கே மூன்று விதமான இடங்கள் இருக்கின்றன.

ஹோய்குயென் என்பது வேலைக்குப் போகும் பெற்றோருக்கான காப்பகம். காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொள்வார்கள். அங்கீகாரம் பெற்றவற்றில் இடத்தை ஒதுக்குவது வார்டு ஆபீஸ்; யாருக்குத் தேவை அதிகம் என்று புள்ளி போட்டுக் கொடுப்பார்கள். யோச்சியென்தான் மழலையர் பள்ளி. பெரும்பாலும் மத்தியானம் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். அம்மாக்களுக்கும் அங்கே வேலை நிறைய இருக்கும். மூன்றாவது, நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தேடி ஓடும் இன்டர்நேஷனல் ப்ரீஸ்கூல்.

நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானது, அந்த மூன்றாவது வகையில் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணில் பள்ளியே இல்லை என்பது. 'அங்கீகாரம் பெறாத குழந்தைப் பராமரிப்பு இடம்' என்றுதான் அரசுப் பதிவேட்டில் இருக்கும். யோச்சியென் என்ற பெயரைக் கண்டவர்களும் வைத்துக்கொள்ள முடியாது, அது சட்டத்துக்கு உட்பட்டது. இன்டர்நேஷனல் என்ற சொல்லுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. அதற்காக அவற்றை மட்டம் என்று சொல்லவில்லை, அருமையான இடங்களும் அதே பதிவில்தான் இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்து நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பணத்தைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. 2019 அக்டோபரிலிருந்து மூன்று முதல் ஐந்து வயது வகுப்புக் குழந்தைகளுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. அங்கீகாரம் பெறாத இடமாக இருந்தாலும், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதற்கான சான்றைக் கொடுத்தால் மாதம் 37,000 யென் வரை கிடைக்கும். வெளிநாட்டவர் என்று ஒதுக்குவதில்லை. பள்ளி முறைப்படி அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

முதல் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தோம். ஸ்டேஷனிலிருந்து மூன்று நிமிடம், கண்ணாடிச் சுவர், எல்லாம் புதுசு. மாதம் 1,70,000 யென், சேர்க்கைக் கட்டணம் தனி.

எங்களை அழைத்துப்போன பெண்மணி சுவரில் இருந்த படங்களைக் காட்டினார். ஆசிரியர்கள் எட்டுப் பேர், எட்டு நாட்டுக் கொடிகள். இவர்களில் போன வருஷமும் இருந்தவர்கள் யார் என்று கேட்டேன். இரண்டு படங்களைத் தொட்டுக் காட்டினார். மற்ற ஆறு பேரும் இந்த வருஷம் வந்தவர்கள். போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டதற்கு, 'விசா விஷயங்கள்' என்று சொல்லி அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டார்.

பாப்பா அங்கே தண்ணி கேட்டாள். "தண்ணி, தண்ணி" என்று மூன்று முறை சொன்னாள். பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியர் சிரித்தபடி ஒரு பொம்மையை எடுத்துக் கொடுத்தார். அவர் மேல் தவறில்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் பாப்பா அந்தப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நாளைக்கு நான் அந்த அறையில் இல்லாதபோது யார் முகத்தைப் பார்ப்பாள்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான் மனதில் ஓடியது.

அக்டோபர் 3, வியாழன்

அங்கீகாரம் பெறாத இடங்களை டோக்கியோ மாநகர அரசு ஆய்வு செய்து, முடிவுகளை ஜப்பானிய மொழியில் வெளியிடுகிறது. இவருடைய அலுவலக நண்பர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து படித்துச் சொன்னார். அந்தக் கண்ணாடிச் சுவர்ப் பள்ளிக்கு ஒரு குறை எழுதியிருக்கிறார்கள்: தகுதி பெற்ற பராமரிப்பாளர் எண்ணிக்கை போதவில்லை. விதிப்படி குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹோய்குஷி எனப்படும் உரிமம் பெற்ற குழந்தைப் பராமரிப்பாளராகவோ நர்ஸாகவோ இருக்க வேண்டும். அதுகூட இல்லை.

பட்டியலில் மூன்று.

அக்டோபர் 12, சனி

இந்தியப் பள்ளியின் கே.ஜி. வகுப்பைப் பார்த்தோம். 2000-க்கு முன்பின் கம்ப்யூட்டர் வேலைக்காக நம் ஆட்கள் நிஷிகசாய் பக்கம் குடியேற ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளிலேயே இந்தியப் பள்ளிகளும் வந்துவிட்டன. உள்ளே நுழைந்ததுமே ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நிம்மதியான இடம். ஒரு தமிழ் டீச்சர்கூட இருந்தார். பாப்பா அவர் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஊர் திரும்பும் தேதி தெரிந்த குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். எங்களுக்கு அது தெரியவில்லை. இவருடைய ப்ராஜெக்ட் குறைந்தது 2028 வரை. பாப்பா ஒன்றாம் வகுப்பு சேர வேண்டியதும் 2028 ஏப்ரலில்தான். அந்த மூன்று வருஷமும் இந்தத் தெருவில், இந்தப் பூங்காவில், இந்தப் பிள்ளைகளோடுதான் அவள் விளையாடப் போகிறாள். ஒரு வார்த்தை ஜப்பானிய மொழி காதில் விழாமல் வளர்ந்தால், சறுக்கு மரத்தடியில் தனியாக நிற்பாள். இப்போதே நிற்கிறாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

வார நாளில்தான் பள்ளியைப் பார்க்க வேண்டும் என்று இன்று புரிந்தது. சனிக்கிழமை போனால் காலி அறையைத்தான் பார்க்க முடியும்.

மூன்றாவது இடம் சின்னது. பழைய கட்டடத்தின் தரைத்தளம், மொத்தம் முப்பது பிள்ளைகள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஆங்கிலம் பேசும் ஆசிரியர் ஒருவர், ஜப்பானிய ஹோய்குஷி ஒருவர். வாசலில் முழங்கால் உயரத்துக்கு மர அலமாரி. ஒவ்வொரு குழியிலும் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு, மேலே பெயருக்குப் பதில் ஒரு படம். எழுத்து தெரியாத பிள்ளைக்கு ஆமை தன்னுடையது, குடை பக்கத்துப் பையனுடையது. விளையாட்டுத் திடல் கிடையாது. பத்தரை மணிக்கு எல்லாரும் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி வார்டு பூங்காவுக்கு நடந்தார்கள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

வழியில் ஒரு பையன் விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டான். ஹோய்குஷி ஓடிவந்து தூக்கவில்லை. அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து, கண்ணுக்குக் கண் பார்த்து, ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டார். அவன் அழுதுகொண்டே ஸ்பானிஷ் போல ஒரு மொழியில் பதில் சொன்னான். அதே ஒரு வார்த்தையை அவர் திருப்பிச் சொன்னார். அழுகை சட்டென்று நிற்கவில்லை, ஆனால் அவன் கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

முதல்வரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். போன வருஷ ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒருவரைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள். அவரும் பிரசவ விடுப்பில். வெள்ளம் வந்தால் எங்கே போவீர்கள்? இந்தக் கேள்வி நாங்கள் இருக்கும் எடோகாவா வார்டில் கேட்டே ஆக வேண்டியது. வார்டின் பெரும்பகுதி தாழ்ந்த நிலம். பெருவெள்ளம் வரும் என்றால் முன்னாடியே வார்டை விட்டு வெளியேறிவிடுங்கள் என்று வார்டு ஆபீஸே 2019-இல் வரைபடம் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறது. அவர் தயங்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே பள்ளியை மூடிவிடுவோம். திடீரென்று வந்தால் எதிரே உள்ள தொடக்கப் பள்ளியின் மூன்றாம் மாடி. மாதம் ஒரு தடவை பிள்ளைகளை அங்கே ஏற்றிப் பழக்குகிறார்களாம்.

வீட்டிலிருந்து பதினான்கு நிமிட நடை. மாதம் 1,28,000 யென்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இவர் ஆபீஸ் போய்விட்டார். ராத்திரி வந்ததும் பேச்சு மறுபடியும் பள்ளியில் வந்து நின்றது. இவருக்கு வார்டு ஹோய்குயென்தான் சரி என்று எண்ணம். மாதக் கட்டணம் இல்லை, ஆசிரியர்கள் தேர்ந்தவர்கள், பிள்ளை ஆறு மாதத்தில் ஜப்பானிய மொழி பேசிவிடும். மூன்று வயதுப் பிள்ளைகள் 20 பேருக்கு ஒருவர் என்றிருந்த அளவை இந்த வருஷம் 15-க்கு ஒருவர் என்று நல்லபடியாகவே மாற்றியும் இருக்கிறார்கள். அவர் சொன்னது எதிலும் தவறில்லை.

எனக்கு இருக்கும் தயக்கமே வேறு. ஆசிரியர் எழுதி அனுப்பும் தினசரிக் குறிப்பை நான் படிக்க வேண்டும். இன்று சாப்பிடவில்லை, இரண்டு முறை அழுதாள் என்று எழுதியிருந்தால் அது அன்றைக்கே எனக்குப் புரிய வேண்டும். மொழிபெயர்த்துத் தர ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது. பாப்பாவுக்குப் பள்ளி தேடுகிறேன் என்றாலும், நானும் அந்தப் பள்ளியோடு பேச முடிய வேண்டும் அல்லவா?

ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் இரண்டு மொழியும் இருக்கும் அந்தச் சின்ன இடம் என்று முடிவானது. ஜப்பானிய மொழி அவளுக்கு அங்கேயும் ஒட்டிக்கொள்ளும். வினைச்சொல் கடைசியில் வரும் மொழிதானே அதுவும், நம் தமிழைப் போல.

நவம்பர் 16, சனி

பள்ளியிலிருந்து விண்ணப்பக் கட்டு வந்தது. ஒவ்வாமை, தடுப்பூசி, அவசரத்துக்கு மூன்று போன் எண்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம்: 'உங்கள் குழந்தை வீட்டில் சொல்லும் முக்கியமான சொற்களை எழுதவும்.'

அதைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். ஒரு பக்கம் ஆங்கில எழுத்தில், இன்னொரு பக்கம் கத்தாகனா என்ற ஜப்பானிய எழுத்தில். தண்ணி. உச்சா. ஆயி. வலிக்குது. பயமா இருக்கு. போதும். தூக்கு. அம்மா எப்ப வருவா.

கத்தாகனாவில் ழ இல்லை, ண இல்லை. ஆனால் இரட்டித்து வரும் ஒலி அழகாக உட்கார்ந்துவிடுகிறது: 'உச்சா'வை ஜப்பானியர் நம்மைப் போலவே அழுத்திச் சொல்வார்கள். ஆங்கிலம் பேசும் ஆசிரியர் 'உசா' என்று சொன்னாலும் பரவாயில்லை, பாப்பா புரிந்துகொள்வாள்.

ராத்திரி மதுரைக்கு வீடியோ கால் போட்டு, அம்மாவுக்குப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், "எல்லாம் சரிடி. பசிக்குதுன்னு எழுதலையே?" என்றார்.

எழுதவில்லைதான். வீட்டில் பாப்பா அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதே இல்லை. அவளுக்குப் பசிக்கும் முன்னாலேயே ஊட்டிவிடுகிறேன். நாளையிலிருந்து சாப்பாட்டுக்கு முன் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரட்டும் என்று காத்திருக்கப் போகிறேன். ஒன்பதாவதாக அதையும் எழுதி, உறையை ஒட்டியாயிற்று.